வெயிலும் வேண்டும், குழாயும் வேண்டும்

(உட்லண்ட்ஸில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது குடிதண்ணீர். காலையில் இங்கு வரும்போது பாலத்தின் ஓரமாகப் பெரிய குழாய்கள் நீண்டு கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை செல்லும். 1942 ஜனவரி 31-ல், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இந்தப் பாலத்தைத் தகர்த்தது. பாலத்தோடு குழாயும் அறுந்தது. ஒரே குழாயை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை ஊர் அன்று கண்டது.

பின்னாளில் சிங்கப்பூர் பல வழி தேடியது. மழைநீரை நீர்த்தேக்கங்களில் பிடித்தது. 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீர் ஆக்கியது. 2005-ல் துவாஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரத்துக்கு எங்கே போவது? அண்ணாந்து பார்த்தார்கள்; சூரியன் இருந்தான்!

2021 ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 1,22,000 சூரிய மின்தகடுகளை மிதக்கவிட்டார்கள். ஐந்து குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வேண்டிய மின்சாரத்துக்கு அது ஈடு. அந்தி சாய்ந்தால் தகடுகள் ஓய்ந்துவிடும், நிலையங்கள் ஓய்வதில்லை. பகலில் பொது மின்கம்பிக்குக் கொடுப்பதும், இரவில் அதிலிருந்து எடுப்பதுமாகக் கணக்கு நேராகிறது.

"அது அரசாங்கத்தின் காரியம், நம் லயத்துக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பம்பு பழுதாகி, குழாயில் தண்ணீர் வராமல், ஓடைத் தண்ணீரை மொண்டு வந்த நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த வாரமே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தாய் பிரட்டுக்குப் போவதா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதா?

கொதிக்கவைத்துக் குடிப்பதே முதல் வழி. அதற்கு வசதியில்லாத வேளையில் வெயில் உதவும். லெபனானின் பெய்ரூத் நகரில் அஃப்திம் அக்ரா என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 1980 வாக்கில் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1991 முதல் சுவிட்சர்லாந்து நீராய்வாளர்கள் இதை மேலும் சோதித்தார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து கிருமியைக் கொல்கின்றன. சங்கதி இவ்வளவுதான்.

முறையைச் சொல்லுகிறோம், கேளுங்கள். நிறமில்லாத, கீறலில்லாத, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பிளாஸ்டிக் பானப் போத்தலை எடுத்து நன்றாகக் கழுவுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் தெளியவைத்து, துணியில் வடிகட்டுங்கள். நிரப்பிய போத்தலை நம் பத்திரிகையின் தலைப்பு எழுத்தின்மேல் நிறுத்தி, வாய் வழியாகக் கீழே பாருங்கள். எழுத்து படிக்க முடிந்தால் தண்ணீர் போதிய தெளிவுடையது. பிறகு மூடி, தகரக் கூரையின்மேல் படுக்கவையுங்கள். நல்ல வெயிலில் ஆறு மணி நேரம். வானம் பாதிக்குமேல் மூடியிருந்தால் இரண்டு நாள். அடைமழைக் காலத்தில் இது பலிக்காது. அப்போது கொதிக்கவைத்தே தீரவேண்டும்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். வெயில் கிருமியைக் கொல்லும், மருந்தை முறிக்காது. களைக்கொல்லி கலந்த ஓடையும், பால் உறையவைக்கும் ஆசிட் கலந்த கால்வாயும் எத்தனை நாள் காய்ந்தாலும் குடிநீர் ஆகா. மருந்துப் போத்தலைக் கழுவித் தண்ணீர் பிடிப்பது தற்கொலைக்குச் சமம்.

தோழர்களே, ஒரு பழங்கதையும் உண்டு. தென்னமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்தில் லாஸ் சலினாஸ் என்னும் வெடியுப்புச் சுரங்கம் இருந்தது. அங்கே கிடைத்த தண்ணீரோ கடலைவிட உப்பு. 1872-ல் சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் ஏறக்குறைய 4,700 சதுர மீட்டருக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, வெயிலில் உப்புநீரை ஆவியாக்கி, கண்ணாடியில் படிந்த நன்னீரை வடித்தார். நாளொன்றுக்குச் சுமார் 20,000 லிட்டர்! எதற்காக? முக்கியமாக, வெடியுப்பு வண்டியை இழுத்த கோவேறு கழுதைகளுக்காக. கழுதை செத்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் லாபம் நிற்கும் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. லாபத்துக்காகக் கழுதைக்கே நன்னீர் வடிக்க முடிந்ததென்றால், பால்வெட்டும் மனிதனுக்கு நல்ல தண்ணீர் தர முடியாது என்று எவர் சொல்லமுடியும்?

ஆகவே நம் நிலை இதுதான். வெயிலில் வைத்த போத்தல் ஆபத்துக் காலத்துக்கு உதவும் தோழன். குழாய்க்கு மாற்று ஆகாது. தோட்டத்தில் வேலையாட்களைக் குடிவைக்கும் முதலாளி, போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது மலேசியாவின் 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டம். "வெயில்தான் இருக்கிறதே, போத்தலில் பிடித்து வையுங்கள்" என்று எந்த நிர்வாகமாவது சொன்னால், அந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள்.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாய் நின்ற நாள், பம்பு பழுதான நாள், பிள்ளைகள் நோயில் விழுந்த நாள் ஆகியவற்றைத் தேதியோடு குறித்துவையுங்கள். உங்கள் பேனா எழுதிய கணக்கு, பேச்சுவார்த்தை மேசையில் நூறு பேர் குரலுக்கு நிகர்.

சூரியன் துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒரே வெயிலைத்தான் தருகிறான். தண்ணீரும் அப்படியே வரட்டும்! அதுவரை பிள்ளைகளைக் காப்பது நம் பொறுப்பு. குழாயைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.