மெய்ப்பாடும் மூட்டை சுமப்போரும்



உடல் மாற்றத்தை உணர்தலே உணர்ச்சி என 1884இல் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். பல நூற்றாண்டுகட்கு முன்பே, உள்ளத்து உணர்வு மெய்யில் புலப்படுதலை மெய்ப்பாடு என்றது தொல்காப்பிய மரபு. திசை வேறு, ஆயினும் இருவர் கண்ணும் உடலின்மேல்தான். மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றற்கும் நந்நான்கு காரணங்கள். அழுகைக்குரியவற்றுள் வறுமை உண்டு. உவகைக்குரியவற்றுள் செல்வம் உண்டு. பெருமிதத்திற்கோ கல்வி, தறுகண், இசைமை, கொடை. செல்வம் அங்கு இல்லை! கொடைக்குப் பொருள் வேண்டாவோ எனலாம். பகிர்ந்த ஒரு பிடிச் சோறும் கொடையன்றோ?

கொருக்குப்பேட்டைச் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குவோரைப் பாடும் கவிதைகள் பெரும்பாலும் அழுகையோடு நின்றுவிடுகின்றன. சுமையேற்ற தோளின் நிமிர்வில், கூலி பெற்றதும் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க விரையும் நடையில் புலப்படும் மெய்ப்பாடு எது? அதனைப் பாடியவர் எத்துணைப் பேர்?