கதவைத் திறந்துவிட்டவர்
(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளைஞர்க்கு வழிகாட்டுதல் குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். உ.வே.சாமிநாதையர் 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்ததை அறிவீர்கள். 1876இல் ஆசிரியர் மறைந்தார். பிள்ளையின் மூத்த மாணவரான தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பணியிலிருந்து 1880இல் விலகியபோது அவ்விடத்திற்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். ஏழாண்டுகள் கழித்து அவருடைய சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஆசிரியர் கற்பித்தார், மூத்தவர் கதவைத் திறந்துவிட்டார். இந்த இரண்டாம் உதவியை நாம் அதிகம் பாராட்டுவதில்லை.

நம் நாட்டில் 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்களே தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அண்மையில் தேர்வெழுதியவருக்குத்தான் அதன் அச்சம் நினைவிருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற நான் 1993இல் புதுமுக வகுப்பில் சேர்ந்தேன். மலாய்மொழிப் பாடம் ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் லயத்தில் ஐந்தாம் படிவம் படித்த அண்ணன் ஒருவர், மாலைதோறும் மலாய் நாளிதழை விரித்து, தெரியாத சொற்களுக்குக் கோடிடச் சொல்வார். அவர் எனக்கு உறவினர் அல்லர். 1998இல் நான் எஸ்.பி.எம். எழுதி முடித்ததும், மனு பாரத்தை நிரப்பப் பேருந்தில் மலாக்கா நகருக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அப்போது அவர் பத்து பெரெண்டாமில் தொழிற்சாலை ஊழியர். அன்றைய ஒருநாள் சம்பளத்தை இழந்துதான் வந்தார் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

என்னைவிடக் கணிதத்தில் கெட்டிக்காரனான என் நண்பன் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான். ஏன் நின்றாய் என்று கேட்க அவன் வீட்டுப் பக்கம் எவருமில்லை. நானும் கேட்கவில்லை. அரசு அலுவலகத்தில் மனுக்களைக் காணும்போதெல்லாம் அவன் நினைவு வருகிறது.

புக்கிட் பெருவாங்கில் 1996 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு பயிலும் நம் பிள்ளைகளுள் சிலர் வெள்ளிக்கிழமைகளில் இச்சந்நிதிக்கு வருகிறார்கள். பிரசாதம் பெற்றுச் சென்றுவிடுகிறார்கள். அவர்களை ஒரு மணி நேரம் அமரச் சொல்ல நமக்கு இன்னும் தோன்றவில்லை!

நிர்வாகம் மண்டபத்தில் ஒரு மேசை தந்தால் போதும். வரும் வெள்ளி பூசை முடிந்ததும் நான் அங்கிருப்பேன். பிள்ளையையும் தேர்வு முடிவுகளையும் நிரப்பாத பாரங்களையும் கொண்டு வாருங்கள்.