குடைமிளகாய்க்குள் சாமை

பால், நெய், பன்னீர் எதுவும் இல்லாமல் மதியத்துக்கு ஒரு முழுச் சாப்பாடு வேண்டுமா? குடைமிளகாய்க்குள் சாமையை அடைத்துச் செய்து பாருங்கள். உருளைக்கிழங்கை அடைத்தால் அது தொடுகறியாகத்தான் நிற்கும். தானியம் உள்ளே போனால் அதுவே சாப்பாடு.

சாமை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு போய்விட்டது, நார்ச்சத்தில் பெரும்பகுதியும் அதோடு போயிருக்கும். பழுப்பேறிய சாமைதான் நமக்கு வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

1 டம்ளர் சாமையை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் முக்கால் வேக்காடாக எடுங்கள். மீதி காய்க்குள் வேகட்டும். நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, வெங்காயம் தாளித்து, வெந்த காராமணி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, உப்பு சேர்த்துச் சாமையோடு கிளறுங்கள். காராமணியை மட்டும் விட்டுவிடாதீர்கள், புரதத்துக்கு அதுதான் ஆதாரம்.

காயின் தலையைச் சீவி, விதை நீக்கி, முக்கால் பாகம் அடைத்தால் போதும். திணித்தால் சாமை உப்பிக் காய் வெடித்துவிடும். அடிகனமான வாணலியில் தக்காளி மசாலா செய்து, அது கொதிக்கும்போது காய்களை நிற்கவைத்து மூடி, சிறுதீயில் 20 நிமிடம். தோல் சுருங்கி, கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் பதம். கடைசியில் தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி விட்டு உடனே இறக்குங்கள், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.