சாம்பிள் பீஸும் சாஃப்ட்வேரும்



எதிரணி நண்பர் கேட்டார்: "நூறு ரூபாய் பனியனையே இழுத்துப் பார்த்துத்தான் வாங்குறோம். உங்க ஆப்பை மட்டும் ஒரு மாசம் சும்மா கொடுத்துப் பார்க்கச் சொன்னா என்ன?" நியாயமான கேள்விதான். பதில் எங்க திருப்பூர்லயே இருக்குங்க.

பையர் ஆர்டர் கொடுக்கிறதுக்குள்ள எத்தனை சாம்பிள்! ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிபி சாம்பிள்... ஒத்தை பீஸுக்கும் துணி ஓட்டணும், சாயம் போடணும், பேட்டர்ன் வெட்டணும். பெரிய ஏற்றுமதியாளர் அதுக்குன்னு ஒரு செக்‌ஷனே வச்சிருக்கார். பத்து சாம்பிள் வீணாப் போனாலும் ஒரு ஆர்டர்ல தேத்திடுவார். நாலு மெஷின் போட்ட பவர்டேபிள்காரர் என்ன பண்ணுவார்?

நானும் அவர் மாதிரிதான். ஜாப் ஒர்க் கணக்குக்கு ஆப் எழுதி விக்கிறேன். நானும் ஒரு பையனும், அவ்வளவுதான் கம்பெனி. (சிரிப்பு)

காப்பி போடச் செலவில்லை, உண்மை. ஆனா யார் சொல்லிக் கொடுக்கிறது? சலான் எண், பீஸ் ரேட், கூலி எல்லாம் அவரவர் வழக்கப்படி ஏத்தணும். ராத்திரி பத்து மணிக்கு, "தம்பி, பிரிண்ட் வரலீங்க!" காசு கொடுத்தவரும் கூப்பிடுவார், கொடுக்காதவரும் கூப்பிடுவார். கொடுக்காதவர் இன்னும் அதிகாரமாக் கூப்பிடுவார்! (கைதட்டல்) அவருக்குப் பேசிக்கிட்டிருக்கிற நேரத்துல, காசு கொடுத்தவர் ஃபோன் அடிச்சு அடிச்சு ஓயுது. இலவசத்தோட விலையை அவர்தாங்க கட்டுறார்.

ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். இருபத்தொன்பது நாள்ல வருஷக் கணக்கு முழுக்க ஏத்தி, ஆடிட்டருக்கு பிரிண்ட் எடுத்துட்டார். முப்பதாம் நாள், "நமக்குச் சரிப்பட்டு வராதுங்க" என்றார். எப்படி வரும்? வேலைதான் முடிஞ்சு போச்சே!

பெரிய கடைகள் மட்டும் என்ன செய்தன? 2008-ல் ஆப்பிள் ஆப் கடை திறந்தபோது, விலைக்கு விற்கும் ஆப்பை முன்கூட்டி ஓட்டிப் பார்க்க வழியே வைக்கவில்லை. அதனால் பலர் 'லைட்' என்று இன்னொரு ஆப்பையும் எழுதிச் சுமந்தார்கள். ஆண்ட்ராய்டில் வாங்கியதைத் திருப்ப முதலில் 24 மணி நேரம் இருந்தது. 2010 டிசம்பரில் 15 நிமிடமாக்கினார்கள். பதினஞ்சு நிமிஷத்துல டீ குடிக்கலாம். கூலிக் கணக்குப் பார்க்க முடியுமா? 2014-ல் அதை இரண்டு மணி நேரமாக்கினார்கள்.

பார்க்காமலே வாங்கச் சொல்லலை நான். உங்க கம்பெனிக்கே வர்றேன். உங்க சலானையே போட்டு, உங்க கண்ணு முன்னால கணக்கு எடுத்துக் காட்டுறேன். பிடிச்சா வாங்குங்க. வாங்கி ஒரு மாசத்துல பிடிக்கலேன்னா, காசைத் திருப்பித் தர்றேன்.

நடுவர் அய்யா கை மணி மேல போயிடுச்சு.