சென்னையின் முதல் அரசு உயர்நிலைப் பள்ளி: ஒரு பழைய வழக்கு

இந்தச் சொற்பொழிவின் பொருளை என் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். அது எதுவாக இருக்கும் என்று முன்வரிசைக்குத் தெரியும். சிலர் இப்போதே சிரிக்கிறார்கள்.

1841 ஏப்ரலில் எழும்பூரில் திறந்த அரசு உயர்நிலைப் பள்ளியை ‘மாநிலக் கல்லூரியின் தொட்டில்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது நம் துறையின் வழக்கம். அதை நான் ஏற்றதில்லை. 1839 நவம்பரில் ஏறத்தாழ 70,000 கையொப்பங்களோடு ஒரு விண்ணப்பத்தை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் கொடுத்தார். அதன் பயனாகப் பல்கலைக்கழக வாரியம் என்று ஒன்று அமைந்தது. பெயர்தான் பல்கலைக்கழகம்; நடந்தது பள்ளிக்கூடம். கல்லூரிப் பிரிவு 1853இல்தான் வந்தது, மாநிலக் கல்லூரி என்ற பெயர் 1855இல். இடைப்பட்ட ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

மாதவராவை எடுத்துக்கொள்வோம். (மறுபடியுமா என்கிறீர்கள். ஆம், மறுபடியும்.) 1828இல் கும்பகோணத்தில் பிறந்தவர், பள்ளி திறந்த ஆண்டே சேர்ந்து 1846இல் தேறினார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு வந்த தலைமையாசிரியர் ஏர் பர்ட்டன் பவெலின் செல்ல மாணவர். பவெல் வீட்டிலேயே வானியல் பாடம் நடந்ததாம். கருவி வாங்க வழியில்லாமல் மாதவராவ் மூங்கில் குழாயில் சாதாரண வில்லைகளைப் பொருத்தித் தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் தாமே செய்துகொண்டாராம். வாழ்க்கைக் குறிப்பு எழுதியவர்கள் இதை வியப்புக்காகச் சொல்கிறார்கள். நான் பாடத்திட்டத்துக்குச் சான்றாகக் கொள்கிறேன். குமாஸ்தா உற்பத்திக்கு மட்டும் நடந்த பள்ளியில் மூங்கிலுக்கு என்ன வேலை? தேறியதும் அங்கேயே சிறிது காலம் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியர். 1858 முதல் 1872 வரை அங்கே திவான். பிறகு இந்தூர், பரோடா. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பிறக்கும்போது இவர் படிப்பை முடித்து 11 ஆண்டு ஆகியிருந்தது. எந்தக் கல்லூரியும் இவரை உரிமை கொண்டாட முடியாது.

இவரை உருவாக்கியது பள்ளியே என்றால் நண்பர்கள் சொல்லும் மறுப்பு எனக்கு மனப்பாடம்: தந்தை ரங்கராவும் திவான், பெரியப்பா வெங்கடராவும் திவான், பள்ளி இல்லாவிட்டாலும் மகன் திவானாகியிருப்பார். சரி, அதே 1828இல் அதே கும்பகோணம் வட்டாரத்தில் பிறந்த சேஷய்ய சாஸ்திரிக்கு என்ன பதில்? திவான் பரம்பரை எதுவும் இல்லை. அதே பள்ளி, 1848இல் தேறினார். 1872இல் மாதவராவ் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்தான். பின்னர் புதுக்கோட்டையையும் நிர்வகித்தார். பரம்பரை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள். இருவருக்கும் பொதுவானது பவெலின் வகுப்பு. இதற்கு மேல் சான்று கேட்பது பிடிவாதம்.

மணி அடித்துவிட்டார்கள். கட்டணம் பற்றிச் சொல்ல வேண்டும்: மாதம் 4 ரூபாய். அந்தக் காலத்தில் அது எளிய தொகை அல்ல. பொதுப்பள்ளி என்று நான் பெருமை பேசினாலும் வாசல் குறுகலானதுதான். அதை மறைக்கப் போவதில்லை. 1846இல் ஆளுநர் ட்வீடேல் விவிலியத்தைப் பாடமாக்க முனைந்ததும் நகர மக்கள் திரண்டு எதிர்த்ததும் தனிச் சொற்பொழிவுக்குரியவை. 1837இல் மிஷனரி ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி, 1842இல் வந்த பச்சையப்பன் பள்ளி ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். மாணவர் ஊர்வாரிப் பட்டியல், உதவித்தொகை, தெலுங்கு, மராத்தி பேசுவோரின் பங்கு எல்லாம் காத்துக் கிடக்கின்றன. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் இவற்றில் எதையும் எடுக்கலாம். பவெலை மட்டும் தலைப்பாக வைக்காதீர்கள், அவருக்குக் கல்லூரியில் சிலையே இருக்கிறது.

வாரியத்தின் ஆண்டறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள். தாத்தாவுக்குத் தாத்தா காலத்துச் சான்றிதழோ கடிதமோ வீட்டில் வைத்திருப்போர், பழைய தாள் வியாபாரிக்குப் போடுமுன் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.