நேர்முகப் பரீட்சை

எழுத்துப் பரீட்சையின் வினாக்கள் மண்டபத்தினுட் சென்ற பின்னரே தெரியவரும். நேர்முகப் பரீட்சையின் வினாக்களுட் பலவற்றையோ நாமே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடுகின்றோம். நாம் அனுப்பிய விண்ணப்பமே அவ்வினாத்தாள்.

முதன்முதல் உத்தியோகம் நாடிச் சென்றபோது, பொழுதுபோக்கு என்னுமிடத்தில் ‘நூல் வாசித்தல்’ என எழுதியிருந்தேன். “இறுதியாக வாசித்த நூல் யாது?” என வினவினார் தலைவர். பள்ளிக்கூடத்தை விட்ட நாள்முதல் நூலொன்றையும் நான் தொட்டவனல்லன். விடை வரவில்லை, உத்தியோகமும் வரவில்லை.

ஆதலால், விண்ணப்பத்தின் பிரதியொன்றை எடுத்து, வரிக்கு வரி உங்களை நீங்களே வினவிப் பாருங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், க.பொ.த. பெறுபேற்றுப் பத்திரம் ஆகியவற்றின் மூலப்பிரதிகளை முதல்நாளிரவே அடுக்கி வையுங்கள். அறியாததை ‘அறியேன்’ எனல் குறையன்று. தாம் எழுதியதைத் தாமே அறியாதிருத்தல்தான் குறை.