மொட்டைத் தலையும் புதுப் பிளேடும்



தைப்பூசம் முடிந்து பள்ளி திறக்கும் நாளில், நமது தோட்டப்பள்ளியில் வகுப்புக்கு இரண்டு மூன்று சந்தனத் தலைகளாவது கண்ணில் படும். பத்துமலைக்கோ, பினாங்குத் தண்ணீர்மலைக்கோ, ஈப்போ கல்லுமலைக்கோ சென்று முடி காணிக்கை செலுத்திவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். பக்கத்தில் இருக்கும் பையன் அந்தத் தலையைத் தடவிப் பார்த்துச் சிரிப்பான். ஆசிரியரும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம். இப்போதெல்லாம் சிரிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையின் பிடரியைப் பார்க்கிறோம். ஏன் பார்க்கிறோம் என்பதையும், தலையைக் காயமில்லாமல் வழவழப்பாக மழிப்பது எப்படி என்பதையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

"மொட்டை அடிப்பதற்கும் ஒரு பாடமா?" என்று சிலர் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மகனுக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. அப்போது அவனுக்கு எட்டு வயது. அவன் பிழைத்து வந்தால் தகப்பனும் மகனும் முடி இறக்குவதாக வீட்டில் நேர்ந்துகொண்டார்கள். முருகன் அருளால் பிள்ளை குணமடைந்தான். ஒரு கோயில் திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்றோம். முடி இறக்கியவர் கத்தியை ஒரு வாளித் தண்ணீரில் அலசினார். அடுத்த தலையில் வைத்தார். மறுபடியும் அலசினார், மறுபடியும் வைத்தார். முன்னே பலர், பிறகு மகன், அவனுக்குப் பின் நாம். எல்லாருக்கும் ஒரே பிளேடு. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். "பிளேடை மாற்றுங்கள் அண்ணே" என்று கேட்க வாய் வரவில்லை. கோயில் காரியத்தில் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் மகனின் பிடரியில் சிறு சிறு சீழ்க்கொப்புளங்கள் தோன்றின. கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, "இது ஆறிவிடும், சார். மழித்தது புதுப் பிளேடா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அவர் மகனின் தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டினார். மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி மூன்று தடவையும் போடப்பட்டிருந்தது. "பிள்ளையைப் பற்றி அந்தக் கவலை வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, நம் மொட்டைத் தலையை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு?" என்றார்.

நேயர்களே, நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 1989ஆம் ஆண்டு முதல்தான் போடப்படுகிறது. நம்மைப் போல் அதற்கு முன் பிறந்தவர்கள் தாமாகப் போய்ப் போட்டுக்கொண்டால்தான் உண்டு. நாம் போட்டுக்கொள்ளவில்லை. கல்லீரலைத் தாக்கும் இந்தக் கிருமி, காய்ந்துபோன இரத்தத்தில் ஏழு நாட்கள் வரைகூட உயிரோடு இருக்கக் கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் கத்தி முனையில் ஒட்டியிருந்தால் போதும். வாளித் தண்ணீரில் அலசினால் அது சாகாது. 'சி' வகைக் கிருமியும் இரத்தம் வழியாகப் பரவக் கூடியதே. அதற்கோ இன்றுவரை தடுப்பூசி இல்லை.

அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டோம். அடுத்தது ஒரு மாதத்தில், கடைசி ஊசி ஆறாம் மாதத்தில். நோய் தொற்றியிருந்தால் இரத்தத்தில் தெரியச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் பரிசோதனைக்கும் காத்திருந்தோம். அந்த ஆறு மாதமும் வீட்டில் நம் சவரச் சாமான்களைத் தனியே வைத்தோம். மகன் ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போதுகூட மனத்தில் ஒரு பயம். கட்டிப்பிடிப்பதால் அந்த நோய் பரவாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் பயம் போகவில்லை. முடிவில், இரத்தத்தில் குறையொன்றும் இல்லை என்று தாள் வந்தது. அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டதற்கு நாம் கொடுத்த விலை அந்த ஆறு மாதம்.

அதன் பிறகு முன்தலை வழுக்கை ஏறத் தொடங்கியது. மொட்டைத் தலையாகவே இருந்துவிடுவோம், நம் கையாலேயே மழித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். முதல் நாள் மூன்று இடத்தில் வெட்டு. சட்டைக் கழுத்தெல்லாம் இரத்தம். நம் தகப்பனார் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அவர் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மரத்தை இப்படி வெட்டியிருந்தா மண்டோர் அன்னைக்கே விரட்டியிருப்பார். உளி கூரா இருந்தா கை அழுத்தாது. கை அழுத்தினா மரத்துக்குக் காயம்," என்றார்.

நமக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். நல்ல வெட்டுக்காரர் மெல்லிய பட்டையை மட்டும் சீவி எடுப்பார். உள்ளே இருக்கும் வளரும் பகுதியைத் தொட மாட்டார். தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக முளைக்கும். அடுத்த முறை வெட்டுவதற்குத் தொல்லையாகும். தலைத்தோலும் அப்படித்தான். வழவழப்பு அழுத்தத்தால் வருவதில்லை. முன்னேற்பாட்டாலும் கூர்மையாலும் வருவது.

இனி முறையைச் சொல்கிறோம்.

முதலாவது, நீளமான முடியில் சவரக் கத்தியை வைக்கக் கூடாது. முடிவெட்டும் மிஷினாலோ கத்தரிக்கோலாலோ ஒட்டக் குறைத்துவிட வேண்டும். நீள முடி பிளேடின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் நம்மை அறியாமலே கை அழுத்தும்.

இரண்டாவது, தண்ணீர். காய்ந்த முடி விறைப்பானது. நீரை உறிஞ்சினால் ஊறி இளகும். வெதுவெதுப்பான நீரில் குளித்து முடித்த கையோடு மழிப்பது நல்லது. இல்லையென்றால் ஈரத்துண்டைத் தலையில் நாலைந்து நிமிடம் சுற்றி வைக்கலாம். அவசரக்காரர்கள் இந்த நாலு நிமிடத்தைத்தான் மிச்சப்படுத்துவார்கள். காயமும் அங்கேதான் தொடங்குகிறது. அதன் பின் சவர நுரையை நன்றாகத் தேய்த்துப் பூச வேண்டும். துணி துவைக்கும் சவர்க்காரம் ஆகாது; தோலை வறட்டிவிடும்.

மூன்றாவது, முடி சாயும் திசை. முகத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கிச் சாயும். தலையில் அப்படியில்லை. உச்சிச் சுழியிலிருந்து நாலாபுறமும் சுழன்று இறங்கும். சிலருக்கு இரட்டைச் சுழியும் உண்டு. உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கை வழுக்கிக்கொண்டு போகும் திசை முடி சாயும் திசை. சொரசொரக்கும் திசை எதிர்த் திசை. முதல் சுற்று முடி சாயும் திசையிலேயே போக வேண்டும். மீண்டும் நுரை பூசி, இரண்டாம் சுற்றைக் குறுக்காகப் போகலாம். பெரும்பாலோருக்கு அவ்வளவே போதும். எதிர்த் திசையில் மழித்தால் இன்னும் வழவழப்பு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுருள்முடிக்காரருக்கு அது வம்பு. மிகவும் ஒட்ட வெட்டிய முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளமாகும். இரண்டு மூன்று பிளேடுகளை அடுக்கிச் செய்த சவரக் கருவியாலும் இந்தத் தொல்லை வருவதுண்டு. அத்தகையோர் ஒற்றைப் பிளேடு போடும் கருவியைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

நான்காவது, வரிசை. பக்கவாட்டில் தொடங்கி, உச்சிக்கு வந்து, பின்தலையைக் கடைசியாக மழிக்கிறோம். பின்தலை கண்ணுக்குத் தெரியாத இடம். அங்கே எலும்பு புடைத்திருக்கும், பிடரியில் தோல் மடிந்திருக்கும். கடைசியில் அங்கே வந்தால் முடி அதிக நேரம் ஊறியிருக்கும். தலையைக் குனிந்தால் பிடரி மடிப்பு விரிந்துகொடுக்கும். காதை மடக்கிப் பிடித்தால் காதோரம் தெளிவாகும். ஒரு கை கத்தியைப் பிடிக்க, மறு கை முன்னே தடவிச் செல்ல வேண்டும். பின்தலைக்குக் கண் விரல்தான். கையை நீளமாக இழுக்காமல் சிறு சிறு இழுப்பாக மழித்து, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை கத்தியை அலச வேண்டும். நுரை இல்லாத இடத்தில் கத்தியை வைக்கவே கூடாது.

ஐந்தாவது, முடித்த பின் செய்ய வேண்டியவை. குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தலைத்தோலில் இரத்த ஓட்டம் அதிகம். சிறு வெட்டும் பயமுறுத்துகிற மாதிரி இரத்தம் விடும். பதறாமல் சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். படிகாரக் கட்டியை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பல தலைகளில் தேய்த்த கட்டியும் அலசிய கத்தியைப் போன்றதுதான். சந்தனம் குளிர்ச்சி தரும். ஆனால் இரத்தம் கசியும் இடத்தில் அதை அப்ப வேண்டாம். நம் நாட்டு வெயில் புது மொட்டையைச் சுட்டுவிடும். சில நாட்களுக்குத் தொப்பி அவசியம்.

வாரத்துக்கு எத்தனை முறை என்று கேட்பீர்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே இன்றைய வழவழப்பு நாளை மறுநாள் சொரசொரக்கும். அதற்காக எரிச்சலுள்ள தோலைத் தினமும் சீவ வேண்டாம். நாம் மூன்று நாளுக்கு ஒருமுறை மழிக்கிறோம். பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கிற மாதிரி தோன்றினால், அன்றே அதை மாற்றிவிடுகிறோம். பழைய பிளேடுகளுக்கு மூடியில் கீறல் போட்ட ஒரு பால் டின் வைத்திருக்கிறோம். குப்பைப் பையில் சும்மா போட்டால் குப்பை அள்ளுகிறவர் கைதான் கிழியும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1928ஆம் ஆண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். மழிப்பதால் முடியின் பருமனும் மாறுவதில்லை, வளரும் வேகமும் மாறுவதில்லை என்று கண்டார். மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. எனவே நேர்த்திக்கடனுக்காக முடி இறக்குங்கள். அடர்த்திக்காகக் குழந்தையை அழ வைக்காதீர்கள். கைக்குழந்தையின் உச்சிக்குழி மென்மையானது. அங்கே அழுத்தம் கூடாது. குழந்தை திமிறினால் நிறுத்திவிடுங்கள். பாதி மொட்டையோடு சற்று நேரம் இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. தலையில் படர்தாமரையோ புண்ணோ இருந்தால் முதலில் கிளினிக்குக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

கடைசியாக, கோயிலுக்கோ கடைக்கோ முடி இறக்கப் போகிறவர்கள் தலைக்கொரு புதுப் பிளேடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்முன் உறை பிரித்துப் போடச் சொல்லுங்கள். "அண்ணே, புதுசு கொண்டு வந்திருக்கிறேன்" என்று பணிவாகச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அந்தத் தொழிலாளிக்கும் அது பாதுகாப்புத்தான். நாள் முழுவதும் இரத்தம் படும் கை அவருடையது.

ஒரு தைப்பூசத்துக்கு முன் நம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு பிளேடு உறையைக் காட்டி, "சார், அப்பா எனக்கொன்று அவருக்கொன்று வாங்கிவிட்டார்," என்றான். ஆயுதத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரலாமா என்று கடிந்துகொண்டு வாங்கி வைத்தோம். மாலையில் அவன் தகப்பனாரிடம் கொடுக்கும்போது, நம் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை.